மழையின் கணக்கை நாமும் படிப்போம்

(ஓமந்தையில் நடந்த தோட்டக் குடும்பங்களின் உறவினர் ஒன்றுகூடலில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. அன்று வர முடியாமற் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



மலையிலிருந்து இரண்டு பஸ்களில் இரவெல்லாம் பயணம் செய்து வந்து சேர்ந்திருக்கிறோம். வவுனியாவைத் தாண்டி ஏ-9 வீதியில் வடக்கே போகிறவர்கள் எல்லோருக்கும் ஓமந்தையைத் தெரியும். யுத்த காலத்தில் ஓமந்தை என்றாலே சோதனைச் சாவடிதான் ஞாபகத்துக்கு வரும். இன்றைக்கு அந்தப் பயம் இல்லாமல் சொந்தபந்தங்களைத் தேடி வந்திருக்கிறோம். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வந்து, இந்த வன்னி மண்ணிலே காடு வெட்டிக் குடியேறியவர்கள் யார்? நம்முடைய சித்தப்பாமார், அத்தைமார், மாமாமார்தானே.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு தாத்தா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, மலையில இருக்கையில மழை நிக்கணும்னு சாமி கும்பிட்டோம். இங்க வந்த பொறகு மழை வரணும்னு சாமி கும்பிடுறோம். போன வருசம் ரெண்டு சாமியும் ஒண்ணா வந்துட்டாங்க."

அவர் எதைச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலைத்தான். மலையிலே மண் சரிந்தது, வன்னியிலே குளங்கள் நிரம்பி ஊருக்குள் வெள்ளம் வந்தது. இலங்கையின் 25 மாவட்டங்களும் பாதிக்கப்பட்டன. 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்குப் பிறகு லயங்களில் ஒரு பேச்சு. "இனி மலை நமக்கு ஆகாது, வன்னிக்கே போய்விடலாமா?" என்று. பஸ்ஸிலும் அதே பேச்சுத்தான். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறோம். அதற்கு முன்னால், இந்த மழைக்கு என்ன ஆயிற்று என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்வதை நம்முடைய பேச்சிலே சொல்லிப் பார்க்கிறோம்.

முதலில் எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்திலே கனமழை பெய்துகொண்டிருந்தது. எச்சரிக்கை அறிவித்தல் வந்தது. நாங்கள் அதைப் பிரட்டுக்களத்தில் எழுத்துக்கு எழுத்து வாசித்தோம். "மண்சரிவு அபாய எச்சரிக்கை, இரண்டாம் கட்டம்" என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். கலைந்து போய் அடுப்பு மூட்டினார்கள். ஒரு பாட்டி மட்டும் திரும்பி வந்து, "ரெண்டாங் கட்டம்னா என்னாங்கய்யா? ரெண்டாவது ஆட்டம் மாதிரியா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களுக்கே அதன் அர்த்தம் சரியாகத் தெரியாது! அன்று இரவு ஒரு லயத்தின் பின்சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. பாட்டி கேட்ட கேள்வியை நாங்கள் மறக்கவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டுப் படித்தோம். இந்தப் பேச்சே அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில்தான்.

காலநிலை என்றால் என்ன? இன்றைக்கு வெயில், நாளைக்கு மழை என்பது வானிலை. அதையே வருடக்கணக்கில் எழுதிவைத்துப் பார்த்தால் தெரிவது காலநிலை. விஞ்ஞானிகள் வழக்கமாக 30 வருடக் கணக்கை எடுத்துப் பார்ப்பார்கள். இது நமக்குப் புதிதல்ல. எத்தனையோ தோட்டங்களில் மழைமானி வைத்து, தினமும் காலையில் அளந்து, புத்தகத்தில் எழுதுகிற பழக்கம் இருக்கிறது. ஒரு நாள் பக்கத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. முப்பது வருடப் புத்தகத்தைப் புரட்டினால்தான் எந்த மாதம் மாறிப்போயிருக்கிறது என்று தெரியும். விஞ்ஞானிகள் செய்வதும் அதே வேலைதான். அவர்கள் உலகம் முழுவதற்கும் செய்கிறார்கள்.

அப்படி அளந்து பார்த்ததில் உலகம் சூடாகியிருக்கிறது என்று தெரிகிறது. ஏன் சூடாகிறது? கம்பளியை நினைத்துக்கொள்ளுங்கள். குளிரிலே கொழுந்து எடுக்கப் போகும்போது கம்பளி போர்த்துகிறோம். கம்பளிக்குள் நெருப்பு இல்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் அது பிடித்து வைக்கிறது. பூமிக்கும் இப்படி ஒரு கம்பளி இருக்கிறது. காற்றில் கலந்திருக்கிற கரியமில வாயுவும் வேறு சில வாயுக்களும்தான் அந்தக் கம்பளி. அது அறவே இல்லாவிட்டால் பூமி உறைந்து போகும். ஆனால் ஒரு கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி போர்த்தினால்? வேர்த்துக் கொட்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்க, காடுகளை அழிக்க அழிக்க, கம்பளி தடித்துக்கொண்டே போகிறது.

(இந்த இடத்தில், "தவறணையிலே நாற்றுக்கு மேலே பொலித்தீன் மூடுகிற மாதிரி" என்றும் ஒரு உதாரணம் சொன்னோம். மலைக்காரர்கள் தலையாட்டினார்கள். ஓமந்தைக்காரர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். நமக்குத் தவறணை என்றால் நாற்றுமேடை, அவர்களுக்குத் தவறணை என்றால் கள்ளுக்கடை! அதனால் கம்பளியோடு நிறுத்திக்கொண்டோம்.)

கம்பளி தடிக்கிறது என்று எப்படித் தெரியும்? சார்ள்ஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1958ஆம் ஆண்டு ஹவாய்த் தீவில், மௌனா லோவா என்ற மலையிலே, காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. அவர் காலமான பிறகும் அந்த அளவெடுப்பு நடக்கிறது. இப்போது 420 பங்கையும் தாண்டிவிட்டது. தினமும் மழைமானி பார்த்து எழுதுகிறவரின் பொறுமை மாதிரித்தான் இதுவும். நாள் தவறாமல் எழுதினதால்தான் உலகத்துக்கு உண்மை தெரிந்தது.

பல நாட்டு விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்புக்களைச் சேர்த்துச் சொல்ல, 1988ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2007இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அந்தக் குழுவுக்கும் பங்காகக் கிடைத்தபோது, அதன் உபதலைவர்களில் ஒருவராக இருந்தவர் நம் நாட்டுப் பேராசிரியர் மொஹான் முனசிங்க. அந்தக் குழு 2021இல் சொன்னது: உலகம் 1850-1900 காலத்தைவிடச் சுமார் 1.1 பாகை சூடாகிவிட்டது, அதற்கு மனிதரின் செயல்களே காரணம், இதில் சந்தேகம் இல்லை. பிறகு வந்த 2024ஆம் ஆண்டுதான் அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஆகச் சூடான ஆண்டு.

"ஒரு பாகைதானே, அதற்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் நம்முடைய ஸ்டோரிலேயே இருக்கிறது. கொழுந்து வாட்டுகிற மாடியிலே என்ன செய்கிறார்கள்? பச்சைக் கொழுந்தைப் பரப்பி, கீழிருந்து காற்றை விடுகிறார்கள். மழை நாளில் சூடான காற்றைக் கலந்து விடுகிறார்கள். ஏன்? சூடான காற்று ஈரத்தை அதிகமாக உறிஞ்சும். வெளியிலும் இதே கதைதான். காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்க முடியும்.

இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. மழை இல்லாத நாளில் காற்று நிலத்தையும் குளத்தையும் செடியையும் அதிகமாக உறிஞ்சி வாட்டுகிறது. மழை வருகிற நாளில், சுமந்து வைத்ததை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. காய்ந்தால் அதிகம் காய்ச்சல், பெய்தால் அதிகம் பெய்ச்சல். தாத்தா சொன்ன இரண்டு சாமியும் ஒரே காற்றுத்தான்.

வன்னியிலே நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள். 2016இல் தொடங்கி 2017 வரை கடும் வறட்சி. நாற்பது வருடத்தில் இல்லாத வறட்சி என்றார்கள். 2017இல் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய வருடத்தைவிட 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த 2018 டிசம்பரிலே இரணைமடு நிரம்பி, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம். மலையிலும் 1992 வறட்சியைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1991இல் சுமார் 24 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை 1992இல் சுமார் 18 கோடி கிலோவாக விழுந்தது. கொழுந்து இல்லாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை.

எல்லா வறட்சியையும் எல்லா வெள்ளத்தையும் காலநிலை மாற்றமே அனுப்பியது என்று விஞ்ஞானிகள் சொல்வதில்லை. வறட்சியும் புயலும் நம் பாட்டன் காலத்திலும் வந்தன. இப்போது வருகிற மழைக்குக் கனம் கூடுகிறது, வறட்சிக்கு உக்கிரம் கூடுகிறது என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அந்த அளவோடு பேச வேண்டும். கூட்டியும் சொல்லக்கூடாது, குறைத்தும் சொல்லக்கூடாது.

இதையெல்லாம் தெரிந்து நமக்கு என்ன லாபம்? மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பள்ளிக்கூடம் போயிருந்த சில பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். விஞ்ஞானம் தெரிந்திருந்தது, ஆனால் அது லயத்துக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த இடத்திலும், போக வேறு வீடு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் உயிரை எடுத்தது.

மலை ஏன் சரிகிறது? நம்முடைய மண் பஞ்சு மாதிரி. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, இடுக்குகளை எல்லாம் நிரப்புகிறது. மண்ணின் பாரம் ஏறுகிறது. மண்ணும் மண்ணும் பிடித்துக்கொண்டிருந்த பிடி விட்டுப்போகிறது. கான் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினாலும், லயத்துக்குப் பின்னால் மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும், வேர் பிடித்திருந்த மரங்களைத் தறித்தாலும் ஆபத்து அதிகம். எவ்வளவு பாரம் என்று ஒரு கணக்குச் சொல்கிறோம், பிள்ளைகள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். 150 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பேர்ச் காணியில் சுமார் 3,800 லீற்றர். ஒரு ஏக்கரில் ஆறு லட்சம் லீற்றர், அதாவது 600 தொன் பாரம்! டித்வா நேரம் மலையின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்தது. அதைப்போல இரண்டு மடங்கு.

இனிப் பாட்டியின் கேள்விக்குப் பதில். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்டம் வைத்திருக்கிறது. பழைய ஆட்கள் மழையை அங்குலத்தில்தான் சொல்வார்கள். ஒரு அங்குலம் சுமார் 25 மில்லிமீற்றர். அங்குலத்திலேயே சொல்கிறோம்.

24 மணித்தியாலத்துக்குள் 3 அங்குலம், அதாவது 75 மில்லிமீற்றர் பெய்தால்: விழித்திரு. சுற்றிப் பார்.

4 அங்குலம், அதாவது 100 மில்லிமீற்றர் ஆனால்: ஆயத்தமாகு. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, மருந்து, பிள்ளையின் உடுப்பு எல்லாம் ஒரு பைக்குள்.

6 அங்குலம், அதாவது 150 மில்லிமீற்றர் ஆனால்: வெளியேறு. ஒரே மணித்தியாலத்தில் 3 அங்குலம் கொட்டினாலும் வெளியேறு. கோழியையும் ஆட்டையும் பிறகு பார்க்கலாம்.

மூன்று, நான்கு, ஆறு. இதைச் சின்னப் பிள்ளையும் மனப்பாடம் செய்யலாம். மூன்றில் விழி, நான்கில் கட்டு, ஆறில் ஓடு.

சரி, எத்தனை அங்குலம் என்று யார் சொல்வது? வானொலி சொல்லும், அதிகாரிகள் சொல்வார்கள். ஆனால் ஒரு மலையில் கொட்டும், அடுத்த மலையில் தூறும். ஆகவே நாமும் அளப்போம். அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமாக உள்ள நேரான போத்தல் ஒன்றை எடுங்கள். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பக்கத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் போல வாயில் வையுங்கள். அடி வளைவாக இருந்தால் அந்த வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அதுவே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து அடிமட்டத்தால் அளவுக் கோடுகள். கூரைத் தண்ணீர், மரத்துத் தண்ணீர் விழாத வெளியான இடத்தில் ஆடாமல் நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே நேரம் பார்த்து எழுதி, திரும்பவும் பூச்சியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கனமழை நாளில் மணிக்கொரு தரம் பாருங்கள். இது அரசாங்க எச்சரிக்கைக்குப் பதில் இல்லை, அதற்குத் துணை. எச்சரிக்கை வந்துவிட்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

அடையாளங்களையும் மறக்க வேண்டாம். நிலத்தில், சுவரில் புது வெடிப்பு. கதவு, ஜன்னல் திடீரென்று இறுகுவது. மரமும் கம்பமும் சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, அல்லது ஓடிக்கொண்டிருந்த பீலி சட்டென்று நிற்பது, கலங்கிச் சேறாக வருவது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆறு அங்குலத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் சொல்லுங்கள்.

வன்னி உறவுகளுக்கும் ஒரு சொல். உங்களுக்கு மலை இல்லை, குளம் இருக்கிறது. வறண்ட வலயத்தில் வருடத்துக்கு 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவான மழைதான். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்துவிடும். அந்தச் சில மாத மழையைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர் இத்தனை குளங்களைக் கட்டினார்கள். இனிமேல் மழை கொட்டுவதும் காய்வதும் கூடும் என்றால், குளம் இன்னும் முக்கியம். குளத்துக்குள் மண் நிரம்பியிருந்தால் தண்ணீர் நிற்காது. வான் பாய்கிற வழியில் வீடு கட்டினால் வெள்ளம் வீட்டுக்குள் வரும். மாரி தொடங்க முன்னம் குளக்கட்டையும் துருசையும் வான் பக்கத்தையும் கமக்காரர் அமைப்போடு சேர்ந்து ஒரு நடை பார்த்துவிடுங்கள். போத்தல் மழைமானி உங்களுக்கும் உதவும். மேலே காட்டிலே எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால், குளம் எப்போது வான் பாயும் என்று ஊகிக்கலாம்.

இப்போது அந்தக் கேள்வி. மலையை விட்டு வன்னிக்கு வரலாமா? நாங்கள் போ என்றும் சொல்ல மாட்டோம், இரு என்றும் சொல்ல மாட்டோம். அது ஒவ்வொரு குடும்பமும் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஒன்று மட்டும் சொல்வோம். இந்தக் கம்பளி மலைக்கு மேலேயும் இருக்கிறது, வன்னிக்கு மேலேயும் இருக்கிறது. ஊர் மாறினால் ஆபத்தின் முகம் மாறும், ஆபத்து இல்லாமல் போகாது. எங்கே இருந்தாலும் நமக்கு வேண்டியது பாதுகாப்பான காணி, உறுதியான வீடு, புரிகிற மொழியிலே எச்சரிக்கை. மலையிலே காணி தருகிறோம் என்று யார் வந்தாலும், "இந்த இடத்தைக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்ததா? அறிக்கை எங்கே?" என்று கேளுங்கள். வன்னியிலே காணி பார்க்கப் போனால், "டித்வாவுக்கு இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது? கிணறு எந்த மாதம் வற்றும்?" என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இந்தக் கம்பளியைத் தடிக்க வைத்தவர்கள் நாம் இல்லை. காம்பராவிலே ஒரு விளக்கும் விறகடுப்பும் வைத்திருந்தவர்கள் உலகத்தைச் சூடாக்கவில்லை. பெரிய நாடுகள் நூறு, நூற்றைம்பது வருடமாக எரித்த நிலக்கரியின் பாரம் நம் லயத்து முதுகில் விழுகிறது. இதை மேடையிலே கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்டுக்கொண்டே, கானையும் வெட்டுவோம், போத்தலையும் வைப்போம்.

ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம் தலவாக்கலையில் இருக்கிறது. எத்தனை பாகை சூட்டில் தேயிலை வாடும், எத்தனை மழையில் மேல்மண் கரையும் என்றெல்லாம் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அந்த அறிவு துரை பங்களாவோடு நிற்காமல் பிரட்டுக்களத்துக்கும் பிள்ளை மடுவத்துக்கும் தமிழிலே வர வேண்டும். நாமும் போய்க் கேட்க வேண்டும். கொழுந்து எடுக்கிற தாய்க்குத் தெரிந்த மலையின் மாற்றம் அவர்களுக்கும் தேவைப்படும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறோம். பஸ்ஸில் திரும்புகிற ஒவ்வொரு லயத்தாரும், இங்கே இருக்கிற ஒவ்வொரு ஊராரும், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பொறுப்பில் ஒரு போத்தலும் ஒரு கொப்பியும் வையுங்கள். ஒரு வருடம் எழுதுங்கள். அடுத்த ஒன்றுகூடலில் மலைக் கொப்பியையும் ஓமந்தைக் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அன்றைக்கு எந்தப் பாட்டியாவது "ரெண்டாங் கட்டம்னா என்னாங்கய்யா?" என்று கேட்டால், பதில் சொல்ல நாங்கள் வேண்டியதில்லை. அவருடைய பேத்தியே சொல்லுவாள்: "நாலு அங்குலம், அம்மாயி. பையைக் கட்டு."